டைரக்ட் ஃபைல் ரிவ்யூ: ஒரே ஒரு தடவை யூஸ் பண்ணேன், அதுக்குள்ள மூடிட்டாங்க

மூடிப்போன சர்வீஸுக்கு எதுக்கு ரிவ்யூன்னு கேக்கலாம். இந்த வருஷம் டாக்ஸ் ஃபைல் பண்ண உக்காந்தப்ப மறுபடியும் கார்டு நம்பர் அடிக்க வேண்டியதா போச்சு, அப்ப வந்த கோவம் இன்னும் போகல, அதான் எழுதுறேன். நல்லா ஓடிட்டு இருந்த ஒண்ண எடுத்துட்டாங்க. அது எப்படி இருந்துச்சுன்னு யூஸ் பண்ண ஒருத்தனாவது எழுதி வெக்கணும்ல.

தெரியாதவங்களுக்கு: டைரக்ட் ஃபைல்ங்கறது ஐ.ஆர்.எஸ்., அதாவது அமெரிக்க வரித்துறை, தானே கட்டி, தானே நடத்துன வெப்சைட். அமெரிக்காவுல ஃபெடரல் டாக்ஸ் ரிட்டர்ன நேரா கவர்மென்ட் கிட்டயே, பத்து பைசா செலவில்லாம, நடுவுல எந்த கம்பெனியும் இல்லாம ஃபைல் பண்ண முடிஞ்சுச்சு. 2024ல 12 மாநிலத்துல சோதனையா விட்டாங்க, 1,40,803 பேர் ஃபைல் பண்ணாங்க. 2025ல 25 மாநிலம், கிட்டத்தட்ட 3 லட்சம் பேர். நான் இருக்குற நியூ ஜெர்சி ரெண்டாவது வருஷம்தான் சேந்துச்சு, அதனால எனக்கு கிடைச்சது அந்த ஒரு சீசன் மட்டும்தான். 2025 நவம்பர்ல மாநிலங்களுக்கு ஈமெயில் போட்டுட்டாங்க, 2026க்கு கிடையாது, திரும்ப எப்பன்னு தேதியும் இல்லன்னு.

என் அனுபவத்த சொல்றேன். பிப்ரவரில ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்டுட்டு உக்காந்தேன். ஐடி வெரிஃபை பண்றது முடிஞ்சதும் என் பேரு, அட்ரஸ் எல்லாம் ஏற்கனவே நெரப்பி இருந்துச்சு, அதுக்கும் மேல டபிள்யூ-2, அதாவது வருஷ சம்பளமும் புடிச்ச வரியும் போட்டு வேலை பாக்குற எடத்துல தர்ற ஃபாரம், அதுல இருக்குற நம்பரெல்லாம் அதுவே இழுத்துட்டு வந்துருச்சு. இத பாத்து நான் ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன், ஏன்னா இத்தனை வருஷமா கவர்மென்ட் கிட்ட ஏற்கனவே இருக்குற நம்பர நான் ஒரு கம்பெனிக்கு காசு குடுத்து கவர்மென்ட்டுக்கே திருப்பி அனுப்பிட்டு இருந்துருக்கேன். ஒரு ஸ்க்ரீனுக்கு ஒரு கேள்விதான். பாஷையும் மனுஷன் பேசுற பாஷை. கேள்விக்குக் கீழயே எதுக்கு இத கேக்குறோம்னு ரெண்டு வரி இருக்கும். எங்கயும் "இத வாங்கு, அத வாங்கு, ஆடிட் வந்தா காப்பாத்துறோம்"னு பயமுறுத்துற பெட்டி கிடையாது. ஸ்பானிஷ்லயும் இருந்துச்சு. மாட்டிக்கிட்டா சாட்ல ஐ.ஆர்.எஸ். ஆளே வருவாங்க. ஃபெடரல் முடிஞ்சதும் ஸ்டேட் ரிட்டர்னுக்கு வேற ஒரு சைட்டுக்கு கூட்டிட்டு போகும், அதுவும் இலவசம். மொத்தம் முக்கால் மணி நேரத்துல எந்திரிச்சுட்டேன்.

அதுக்கு முந்துன வருஷம் என்ன ஆச்சுன்னா, ஊருக்கே தெரிஞ்ச ஒரு சாஃப்ட்வேர், பேர் வேண்டாம், முதல் பக்கத்துல பெருசா இலவசம்னு போட்டுருந்துச்சு. ஒரு மணி நேரம் எல்லாத்தையும் டைப் பண்ணி முடிச்சப்புறம் ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட் ஃபாரம் ஒண்ணு இருக்கு, அதனால நீங்க அடுத்த ப்ளானுக்கு மாறணும்னு சொல்லி, ஸ்டேட்டுக்கு தனியா காசு கேட்டு, கடைசில 130 டாலர் கிட்ட போச்சு. எல்லாத்தையும் டைப் பண்ணப்புறம் யார் விட்டுட்டு போவா, அங்கதான் புடிக்கிறாங்க. எனக்கு அந்த 130 டாலர் பெரிய அடி இல்ல, நான் ஐடி வேலையில இருக்கேன். நான் இத எழுதுறது எங்க பக்கத்து பில்டிங்ல இருக்குற ஒரு அக்காவுக்காக.

அந்த அக்கா டேகேர்ல குழந்தைங்கள பாத்துக்குற வேலை, மணிக்கு 16 டாலர், ரெண்டு பசங்க, தனியா வளக்குறாங்க. வருஷா வருஷம் ஒரு ஸ்ட்ரிப் மால்ல டாக்ஸ் போட்டுத் தர்ற ஒருத்தர் கிட்ட போவாங்க, அவர் 350 டாலர ரீஃபண்டுலயே புடிச்சுக்குவார், கைக்கு மீதிதான் வரும். எவ்ளோ புடிச்சார்னே அக்காவுக்கு ரொம்ப நாள் தெரியாது. நான் ஃபைல் பண்ண அடுத்த வாரம் அவங்க வீட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து அவங்க ஃபோன்லயே ஆரம்பிச்சோம். பாதில நிறுத்தி கேட்டாங்க:

"தம்பி, இது நெஜமாவே ஃப்ரீதானா? கடைசில கார்டு நம்பர் கேக்காதுல்ல?"

"கேக்காதுக்கா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, நீ பாரு."

கேக்கல. சப்மிட் பண்ணதும் பச்சை கலர்ல அனுப்பியாச்சுன்னு வந்துச்சு, அவ்ளோதான். அக்கா ஃபோன கையில வெச்சுக்கிட்டு இன்னும் ஏதோ வரும்னு காத்துட்டே இருந்தாங்க. அது என்னால மறக்க முடியாத விஷயம். இந்த நாட்டுல இலவசம்னா எங்கயோ கொக்கி இருக்கும்னு அந்த அளவுக்கு மனசுல பதிய வெச்சுட்டாங்க.

அவங்களுக்கு வந்த ஈ.ஐ.டி.சி., அதாவது கம்மி சம்பளத்துல வேலை பாக்குறவங்களுக்கு கவர்மென்ட் திருப்பித் தர்ற வரிச் சலுகை, அது மட்டும் 4,700 டாலருக்கு பக்கத்துல. நியூ ஜெர்சி தன் பங்குக்கு அதுல 40 சதவீதம் மேல குடுக்கும். பசங்களுக்கான சைல்ட் டாக்ஸ் க்ரெடிட் தனி. ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்டா, அதாவது குடும்பத்த தனியா தாங்குறவங்களா, இல்ல வெறும் சிங்கிளான்னு கேக்குற எடத்துல நெறைய பேர் தப்பு பண்ணுவாங்க, டைரக்ட் ஃபைல் அத எளிமையா நாலு கேள்வியா பிரிச்சு கேட்டு அதுவே சொல்லிருச்சு. நாடு முழுக்க ஈ.ஐ.டி.சி. கிடைக்க வேண்டியவங்கள்ல அஞ்சுல ஒருத்தர் அத வாங்கறதே இல்ல. ஃபைல் பண்ண வேண்டிய கட்டாயம் இல்லன்னு விட்டுடறாங்க, இல்ல தெரியாது, இல்ல பயம். வருஷத்துலயே பெரிய பணம் ஒரு குடும்பத்துக்கு இதுதான், டயர் மாத்துறது, பல் டாக்டர், பாக்கி வாடகை எல்லாம் இந்த ரீஃபண்ட நம்பித்தான் இருக்கும். அந்தப் பணத்துல ஒருத்தன் பங்கு கேக்குறான்னா, அது எனக்கு சாதாரண வியாபாரமா தெரியல.

குறையும் சொல்லணும். ஊபர் ஓட்டுறவங்க, டெலிவரி பண்றவங்க மாதிரி சொந்தக் கணக்குல சம்பாதிக்கிறவங்களால யூஸ் பண்ண முடியாது, ஐட்டமைஸ் பண்றவங்களால, அதாவது செலவ ஒவ்வொண்ணா காட்டி வரி கழிக்கிறவங்களால முடியாது, ஷேர் வித்திருந்தா முடியாது. பாதி மாநிலத்துல இல்லவே இல்ல. முதல் வருஷம் இன்னும் குறுகல், ரெண்டாவது வருஷம் ரிட்டயர்மென்ட் பணம், டேகேர் செலவு க்ரெடிட், கவர்மென்ட் மார்க்கெட்ப்ளேஸ்ல வாங்குற ஹெல்த் இன்ஷூரன்ஸுக்கான க்ரெடிட் எல்லாம் சேத்தாங்க. அதாவது வருஷா வருஷம் வளந்துட்டுதான் இருந்துச்சு. முதல் வருஷம் யூஸ் பண்ணவங்க கிட்ட ஐ.ஆர்.எஸ். சர்வே எடுத்தப்ப 90 சதவீதம் பேர் பிரமாதம், இல்ல சராசரிக்கு மேலன்னு சொன்னாங்க. ஐ.ஆர்.எஸ்.ஸோட ஒரு விஷயத்துக்கு அமெரிக்காக்காரங்க இப்படி மார்க் போட்டு நான் பாத்ததே இல்ல.

மூடுனவங்க சொன்ன காரணம், ரொம்ப கம்மி பேர்தான் யூஸ் பண்றாங்க, ஒரு ரிட்டர்னுக்கு செலவு ஜாஸ்தி, பிரைவேட்டே இத நல்லா பண்ணும். இத நான் ஒத்துக்கவே மாட்டேன். பாதி நாட்டுல கதவையே திறக்கல, விளம்பரம் கிடையாது, ரெண்டாவது சீசன் முடிஞ்ச மறுநாளே மூடப்போறாங்கன்னு செய்தி வந்தாச்சு. ரெண்டு வயசு குழந்தைய ஏன் நீ இன்னும் சம்பாதிக்கலன்னு கேக்குற கதை இது. சாஃப்ட்வேர்ல பெரிய செலவு கட்டுறதுலதான், ஆள் கூடக் கூட ஒரு ஆளுக்கு ஆகுற செலவு தானா கொறயும், இது எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ற பையனுக்கே தெரியும்.

பிரைவேட் நல்லா பண்ணும்ங்கறதுக்கு இருபது வருஷ ரெக்கார்டு இருக்கு, அதையும் பாத்துருவோம். 2002ல ஐ.ஆர்.எஸ். டாக்ஸ் சாஃப்ட்வேர் கம்பெனிங்களோட ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. நீங்க கம்மி வருமானக்காரங்களுக்கு இலவசமா குடுங்க, பதிலுக்கு நாங்க சொந்தமா சைட் கட்ட மாட்டோம்னு. அதுதான் ஃப்ரீ ஃபைல். 2019ல ப்ரோபப்ளிகாங்கற செய்தி நிறுவனம் ஒரு விஷயத்த வெளிய கொண்டு வந்துச்சு, டர்போடாக்ஸ்ங்கற டாக்ஸ் சாஃப்ட்வேர் அந்த நெஜமான இலவசப் பக்கம் கூகுள் தேடல்ல வராத மாதிரி கோடு எழுதி வெச்சிருந்ததுன்னு. அந்த வருஷக் கடைசிலதான் ஒப்பந்தத்த திருத்தி, ஐ.ஆர்.எஸ். சொந்தமா கட்டக்கூடாதுங்கற வாக்குறுதிய எடுத்தாங்க. 2022ல டர்போடாக்ஸ் நடத்துற இன்ட்யூட், 50 மாநிலத்தோட சமரசமா போயி, இலவசமா ஃபைல் பண்ணிருக்க வேண்டிய 44 லட்சம் பேருக்கு 14.1 கோடி டாலர் குடுக்க ஒத்துக்குச்சு. ஒருத்தருக்கு வருஷத்துக்கு 30 டாலர் கணக்குதான் வரும். பெரிய கம்பெனிங்க ரெண்டும் 2020, 2021ல ஃப்ரீ ஃபைல விட்டே போயிட்டாங்க. இதுக்கப்புறமும் பிரைவேட் பாத்துக்கும்னா, யாருக்காக பாத்துக்கும்?

இதுல ஒரு விஷயம் என் ரிபப்ளிகன் நண்பர்கள் கிட்ட எப்பவும் சொல்லுவேன். ஃபாரமே நெரப்ப வேண்டாம், கவர்மென்ட்டே கணக்கு போட்டு அனுப்பட்டும், நீ சரின்னு கையெழுத்து போட்டா போதும்ங்கற யோசனைய 1985ல முன்வெச்சது ரொனால்ட் ரீகன். டென்மார்க், ஸ்வீடன் எல்லாம் இப்படித்தான் நடத்துறாங்க. அப்ப இது எப்படி இடதுசாரி விஷயம் ஆச்சு? 2024 டிசம்பர்ல 29 ரிபப்ளிகன் ஹவுஸ் மெம்பர்கள் ட்ரம்ப்புக்கு லெட்டர் போட்டு இத முதல் நாளே நிறுத்தணும்னு கேட்டாங்க. அவங்க தொகுதில டேகேர் வேலை பாக்குற அக்காக்கள் இல்லையா? இருக்காங்க, அவங்க சத்தம் வாஷிங்டனுக்கு கேக்கல, அங்க லாபி பண்றவங்க சத்தம்தான் கேக்குது.

நான் லிபரல், டெமாக்ரட்டுக்குத்தான் ஓட்டு போடறேன், மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனா எங்க ஆளுங்க மேலயும் எனக்கு வருத்தம் இருக்கு. 2021ல சைல்ட் டாக்ஸ் க்ரெடிட்ட 3,600 டாலர் வரைக்கும் ஏத்தி மாசா மாசம் அக்கவுண்ட்ல போட்டாங்க. அந்த வருஷம் குழந்தைங்க வறுமை 5.2 சதவீதத்துக்கு எறங்குச்சு, சரித்திரத்துலயே அதுதான் கம்மி. அத நீட்டிக்க முடியல, செனட்ல அம்பது பேர் வெச்சுக்கிட்டு எங்க கட்சி செனட்டர் ஜோ மேன்ச்சின் ஒருத்தர் முடியாதுன்னுட்டார், 2022ல மறுபடி 12.4 சதவீதம். ஒரே வருஷத்துல ரெண்டு மடங்குக்கு மேல! பணம் குடுத்தா வறுமை கொறயும்னு கண்ணால பாத்துட்டு அப்புறம் நிறுத்துன நாடு இது. டைரக்ட் ஃபைலும் அப்படித்தான். 2022 இன்ஃப்ளேஷன் ரிடக்‌ஷன் ஆக்ட்ல 1.5 கோடி டாலர் ஒதுக்குனாங்க, எதுக்கு, கட்டலாமா வேண்டாமான்னு ஆராய. அப்புறம் 2024ல 12 மாநிலம், அப்புறம் 25. ரொம்ப பதவிசா, யாருக்கும் கேக்காம போனாங்க. அக்காவுக்கு நான் சொல்லித்தான் தெரியும். 2024 எலக்‌ஷன்ல எந்த மேடையிலயும் இத யாரும் உரக்க சொல்லி நான் கேக்கல. கோடிக்கணக்கான பேர் கையில போயிருந்தா, அத புடுங்க எவனுக்கு தைரியம் வந்துருக்கும்?

இத சின்ன விஷயம்னு சொல்றவங்களுக்கு ரெண்டு கணக்கு. அக்கா சம்பளத்துல சோஷியல் செக்யூரிட்டிக்கு, அதாவது கவர்மென்ட் பென்ஷன் திட்டத்துக்கு, 6.2 சதவீதம், முதல் டாலர்ல இருந்து கடைசி டாலர் வரைக்கும், வருஷத்துக்கு 2,000 டாலருக்கு மேல போகுது. இந்த வரிக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு, 2025ல 1,76,100 டாலர். வருஷத்துக்கு 1 கோடி டாலர் சம்பளம் வாங்குற ஒருத்தர நாள் கணக்குல பாத்தா ஜனவரி 7 வாக்குலயே அந்த வரம்ப தாண்டிருவார், மிச்ச வருஷம் பூரா இந்த வரி கிடையாது. அக்கா டிசம்பர் 31 வரைக்கும் கட்டுறாங்க.

இன்னொண்ணு, 2021ல ப்ரோபப்ளிகா வெளியிட்ட கணக்கு. நாட்டுலயே பெரிய பணக்காரங்க 25 பேரோட சொத்து 2014ல இருந்து 2018க்குள்ள 40,100 கோடி டாலர் கூடுச்சு, அந்த அஞ்சு வருஷத்துல அவங்க கட்டுன ஃபெடரல் வருமான வரி 1,360 கோடி டாலர், அதாவது 3.4 சதவீதம். சட்டத்த மீறி இல்ல, சட்டமே அப்படித்தான் எழுதிருக்கு. ஷேர விக்காத வரைக்கும் அது வருமானம் இல்ல, அத அடகு வெச்சு கடன் வாங்கி வாழலாம், செத்தா பசங்களுக்கு போறப்ப அதுவரைக்கும் ஏறுன லாபத்துக்கு வருமான வரியே கிடையாது. அவங்களுக்கு டைரக்ட் ஃபைல் தேவையில்ல, அக்கவுண்டன்ட் படையே இருக்கு. கம்மி வருமானக்காரங்க கிட்ட இருக்குறது ஒரு ஃபோனும் ஒரு டபிள்யூ-2வும்தான், அதுக்கு நல்லா ஒத்து வந்த கருவிய எடுத்துட்டாங்க.

எடுத்த நேரத்தையும் பாருங்க. 2025 ஜூலை 4ல ட்ரம்ப் கையெழுத்து போட்ட பெரிய வரிச் சட்டத்துல டைரக்ட் ஃபைலுக்கு பதிலா கம்பெனிங்களோட சேந்து என்ன பண்ணலாம்னு ஆராய மறுபடி அதே 1.5 கோடி டாலர் வெச்சிருக்காங்க. கட்டி முடிச்சு ஓடிட்டு இருக்குறத விட்டுட்டு மறுபடி ஆராய்ச்சி. அதே சட்டத்தால கீழ்மட்ட 10 சதவீதக் குடும்பங்களுக்கு வருஷத்துக்கு சராசரியா 1,200 டாலர் நஷ்டம், மேல்மட்ட 10 சதவீதத்துக்கு 13,600 டாலர் லாபம்னு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸோட சொந்த பட்ஜெட் ஆபீஸே கணக்கு போட்டு சொல்லுச்சு. ஃபெடரல் மினிமம் வேஜ் 2009ல இருந்து 7.25 டாலர்லயே நிக்குது, அத தொட நேரமில்ல. ஐ.ஆர்.எஸ்.ல கால்வாசி ஆளுங்கள அந்த ஒரு வருஷத்துல குறைச்சாங்க. சிக்கலான பெரும் பணக்கார ரிட்டர்ன பிரிச்சுப் பாக்க அனுபவசாலி ஆள் வேணும், ஈ.ஐ.டி.சி. வாங்குனவங்களுக்கு ஒரு லெட்டர் தட்டி விட்டா போதும், அதனால ஆள் கொறஞ்சா யார் தப்பிப்பாங்க, யார் மாட்டுவாங்கன்னு சொல்லத் தேவையில்ல.

ஒரு நல்ல விஷயம், 2025 மே கடைசில டைரக்ட் ஃபைலோட சோர்ஸ் கோட ஐ.ஆர்.எஸ். கிட்ஹப்ல, அதாவது ப்ரோக்ராம் எழுதுறவங்க கோட பகிர்ற சைட்ல, எல்லாரும் பாக்குற மாதிரி போட்டுச்சு. நான் உக்காந்து படிச்சேன். வரிச் சட்டத்த கோடா மாத்தி வெச்சிருக்குற விதம் ரொம்ப சுத்தமா இருக்கு, இத எழுதுனவங்க வேலைய மதிச்சு எழுதிருக்காங்க. அது அழியாம கெடக்கு, யாராவது மனசு வெச்சா அடுத்த சீசனே திரும்ப ஓட்டலாம்.

என் ரேட்டிங் அஞ்சுக்கு அஞ்சு. சொந்தக் கணக்கு வருமானம் எடுக்காததுக்கு அரை மார்க் குறைக்கலாம்னு பாத்தேன், இன்னும் ரெண்டு வருஷம் விட்டுருந்தா அதையும் சேத்துருப்பாங்க, அதனால குறைக்கல.

இந்த வருஷம் அக்கா மறுபடி அந்த ஸ்ட்ரிப் மாலுக்கு போறேன்னாங்க, நான் விடல. வீட்டா ப்ரோக்ராம்ல, அதாவது ஐ.ஆர்.எஸ். சான்றிதழ் வாங்குன தன்னார்வலர்கள் லைப்ரரி, கம்யூனிட்டி சென்டர்ல உக்காந்து இலவசமா போட்டுத் தர்ற எடத்துல, அப்பாயின்ட்மென்ட் வாங்கிக் குடுத்து கூட போனேன். சனிக்கிழமை காலைல போயி மூணு மணி நேரம் ஆச்சு, பசங்களையும் கூட்டிட்டு போக வேண்டியதா இருந்துச்சு, சின்னவன் நாற்காலியிலயே தூங்கிட்டான். ரிடயர் ஆன ஒரு ஸ்கூல் டீச்சர் பொறுமையா போட்டுக் குடுத்தாங்க, இன்னொருத்தர் மறுபடி ஒரு தடவை சரி பாத்தாங்க. நல்ல மனுஷங்க. ஆனா போன வருஷம் வீட்டு டைனிங் டேபிள்ல உக்காந்து முடிச்ச வேலை இது.

உங்க வீட்டுல, அக்கம்பக்கத்துல கம்மி சம்பளத்துல இருக்குறவங்க யாராச்சும் இருந்தா இத சொல்லுங்க: வீட்டாவுக்கு பிப்ரவரி ஆரம்பத்துலயே புக் பண்ணிருங்க, ஏப்ரல்ல எடம் கிடைக்காது. குடும்பத்துல எல்லாரோட சோஷியல் செக்யூரிட்டி கார்டு, போட்டோ ஐடி, டபிள்யூ-2, டேகேர் ரசீது, போன வருஷ ரிட்டர்ன், பேங்க் அக்கவுண்ட் நம்பர் எல்லாம் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க. ரீஃபண்ட் நேரா உங்க அக்கவுண்டுக்கு வரணும், அதுல கைய வெக்க யாருக்கும் கையெழுத்து போட்டுக் குடுத்துராதீங்க. பழைய வருஷத்துக்கு ஃபைல் பண்ணாம விட்டிருந்தா கூட, அந்த ரிட்டர்னோட கடைசித் தேதி முடிஞ்சு மூணு வருஷத்துக்குள்ளன்னா ரீஃபண்ட இன்னும் வாங்கலாம், அதையும் அந்த டேபிள்லயே கேளுங்க.